சந்திப் பிள்ளையாரடியில் நான் விட்ட கை

தம்பி,

வியாழக்கிழமை காலை சந்திப் பிள்ளையாரடியில் ஒரு சைக்கிள்காரியை உரசிக்கொண்டு உன் பஸ் போனது. உனக்கு அது தெரியாது. தெரியாது என்றுதான் நான் நம்புகிறேன், ஏனென்றால் அந்தச் சைக்கிள்காரி உன் அம்மா நான்தான்.

நான் வழக்கம்போல மானிப்பாய்க்கு, பாமசிக்கு, மருந்துக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தாரின் இடது கரையிலிருந்து ஒரு முழம் உள்ளே, அதுதான் என் பாதை. என் ஹாண்டிலில் பூட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்து நீ எத்தனை தரம் சிரித்திருப்பாய், அதில்தான் பஸ் முதலில் தெரிந்தது. நல்ல வேகம். எதிரே ஒரு தண்ணீர் பவுசர் லொறி வந்துகொண்டிருந்தது. பவுசர் கடக்கும்வரை பஸ் எனக்குப் பின்னால் மெதுவாக வரும், பிறகு என்னை முந்தும் என்று நினைத்தேன். ஓட்டத் தெரிந்த ஆள் அப்படித்தான் செய்வான். பஸ் மெதுவாகவில்லை. கிட்ட வந்தபோது கண்ணாடியில் சாரதியின் முகத்தைக் காணவில்லை. முகத்துக்கு முன்னால் இரண்டு கையும் கூப்பியபடி இருந்தன, தலை கோயில் பக்கம் திரும்பியிருந்தது. கோயில் என் இடது கைப்பக்கம். அவனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் நான்.

பஸ்ஸின் தகரம் என் வலது முழங்கையைத் தேய்த்துக்கொண்டு போனது. பெரிய வாகனம் பக்கத்தால் போகும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு அதன் சில்லுப் பக்கம், டயருக்குக் கீழே இழுக்கும். இதைப் பற்றி என் முகநூல் பக்கத்தில் படம் கீறி அம்புக்குறி போட்டெல்லாம் எழுதியிருக்கிறேன். எழுதுவது வேறு, அந்த இழுப்பில் ஹாண்டில் தன்பாட்டில் வலப்பக்கம் திரும்புவதைப் பார்ப்பது வேறு. முன்சில்லை இடப்பக்கம் வெட்டினேன். தார்க் காபெற் போட்ட வீதிக்கும் கரைக்கும் நாலு விரல் பள்ளம். சில்லு அதற்குள் விழுந்து சரளைக் கல்லில் இழுபட்டது. ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டேன். பின்சில்லு என் காலுக்கு எவ்வளவு கிட்டப் போனது என்று கேட்டால் அளவு சொல்லத் தெரியாது. டயரில் காய்ந்திருந்த மாட்டுச் சாணம் தெளிவாகத் தெரிந்தது.

பஸ் கொஞ்சத் தூரம் தள்ளித் தரிப்பிடத்தில் நின்றது. சாரதிக்குச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் அடுக்கிக்கொண்டு மிதித்தேன். அதில் நீ ஒருநாளும் என் வாயில் கேட்டிராத சொல் இரண்டும் இருந்தன. போனை எடுத்து, வீடியோவோடு பக்கத்தில் போட்டு நாறடிப்பது என்ற முடிவோடுதான் பஸ்ஸைச் சுற்றிச் சாரதியின் யன்னலுக்குக் கீழே வந்தேன். நிமிர்ந்து பார்த்தால், நீ. பக்கத்தில் இருந்து உன்னைப் பழக்குகிற பஸ் முதலாளியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். உன் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன. நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்குப் பின்பக்கம் வந்துவிட்டேன். ஹெல்மெட் போட்டால் எல்லாச் சைக்கிள்காரரும் ஒரே ஆள்தான், நீ கவனித்திருக்க மாட்டாய்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, திங்கட்கிழமை தொடக்கம் முதலாளி பஸ்ஸை உன்னிடம் தனியாகத் தரப்போகிறார் என்று சொன்னாய். பழகின அத்தனை நாளிலும் ஒரு சின்னக் கீறல்கூட விழவில்லை என்று முதலாளி மெச்சினாராம். நான் நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு உனக்குப் புட்டுப் போட்டேன். கையை ஏன் மடக்காமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டாய். பாமசிக் கதவில் இடிபட்டது என்றேன். உனக்கு நான் சொன்ன பொய்களில் அது சின்னது.

பெரியது, நாலாம் வகுப்பில் முறிந்த உன் இடது கையைப் பற்றியது. திங்கட்கிழமை நீ நாற்பது ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, நூறு சைக்கிள்களைத் தாண்டி, அந்தச் சந்தியால் போகப்போகிறாய். அதற்கு முன் இது உனக்குத் தெரியவேண்டும். உன் கையை முறித்தது அந்த பஸ் அல்ல. வியாழக்கிழமை நீ ஸ்டியரிங்கை விட்டுக் கும்பிட்டாயே, அந்தப் பழக்கம்தான். அதை உனக்குப் பழக்கியது நான்.

உனக்கு விளங்குவதற்கு அந்தக் காலத்து வீதியைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் சைக்கிள் பழகியது சண்டைக் காலத்தில். பெற்றோல் கிடையாது, மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒன்றிரண்டு பழைய கார்கள், மற்றதெல்லாம் சைக்கிள். ரியூசன் வகுப்புக்கு நாங்கள் நாலு பேர் வீதியை நிறைத்துக்கொண்டு, ஒருத்தியின் தோளில் மற்றவள் கையைப் போட்டுக் கதைத்தபடி போவோம். பின்னால் வாகனம் வருகிறதா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கமே எங்களுக்கு இல்லை. பயந்ததெல்லாம் வானத்துக்கும் சோதனைச் சாவடிக்கும்தான், வீதிக்கு யாரும் பயப்படவில்லை. கோயிலைத் தாண்டும்போது ஹாண்டிலை விட்டு நெஞ்சில் கை வைப்போம். கெட்டிக்காரிகள் இரண்டு கையையும் விட்டுக் கும்பிட்டுவிட்டு அடுத்த வளைவுக்கு முன் பிடித்துக்கொள்வார்கள். நான் கெட்டிக்காரி. எங்கள் பக்கத்தில் எந்தச் சந்தியில்தான் பிள்ளையார் இல்லை, பாமசிக்குப் போக எட்டுக் கோயில், எட்டுத் தரம் கைவிடுவேன்.

சண்டை முடிந்து தெற்குக்குப் பாதை திறந்த பிறகு ஒரு வருசத்துக்குள் எல்லாம் வந்தது. லீசிங் தவணையில் மோட்டார் சைக்கிள், வான், ஓட்டோ, தென்பகுதியிலிருந்து சுற்றுலா பஸ், கல் ஏற்றின டிப்பர். வீதியை அகட்டிக் காபெற் போட்டார்கள். வாகனம் மாறியது, வீதி மாறியது, நாங்கள் மட்டும் அதே நாலு பேர், அதே தோளில் கை. சந்தியில் முன்பு ஆடு மாடுதான் குறுக்கே வரும், இப்போது நாலு பக்கத்தாலும் வேகம் வருகிறது. சரியாக அந்த இடத்தில்தான் பிள்ளையாரும் இருக்கிறார், சரியாக அந்த இடத்தில்தான் நாங்கள் கையையும் கண்ணையும் எடுத்து அவரிடம் கொடுக்கிறோம். இதில் சைக்கிள்காரர் மட்டுமில்லை. பஸ் சாரதிகள் இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் பிறகு பிடிப்பதை நானே எத்தனை தரம் முன் சீற்றில் இருந்து பார்த்து, நல்ல பக்தி என்று மெச்சியிருக்கிறேன்.

அப்போது நீ நாலாம் வகுப்பு. உன் அப்பா கொழும்பில் வேலை. உன் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு மானிப்பாயிலிருந்து திரும்பி வருகிறோம். நீ கரியரில், சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. வீட்டுப் பக்கம் வரும்போது அந்தச் சந்திப் பிள்ளையார் வலது கைப்பக்கம். நான் வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்தேன், கோயிலைப் பார்த்தேன், கண்ணை மூடினேன். மூடியபடியே உனக்குச் சொன்னேன்:

"தம்பி, ரெண்டு கையாலையும் கும்பிடு."

நீ சொல்லுக் கேட்கிற பிள்ளை. என் இடுப்பைப் பிடித்திருந்த இரண்டு கையும் விட்டுப் போனது எனக்குத் தெரிந்தது. பின்னால் ஹோண் கேட்டது. கேட்டதும் இன்னும் வலப்பக்கம் தலையைத் திருப்பினேன். பிறகு ஒரு பெரிய சத்தம், டயர் தாரில் தேயும் சத்தம். பஸ்ஸின் முன்மூலை கரியரில் பட்டது. நான் கோயில் பக்கம் விழுந்தேன். நீ வீதியில் கிடந்தாய். பஸ்ஸின் முன்சில்லு உன் தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. உன் இடது கை பிள்ளைகளின் கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. நீ அழவில்லை. சப்பாத்தைக் கேட்டாய்.

சனம் கூடிவிட்டது. சாரதியை இரண்டு பேர் சட்டையில் பிடித்து இறக்கினார்கள். அவர் பெயர் மரியதாஸ், குருநகர்ப் பக்கத்து ஆள். அவர் கையை உயர்த்திக்கொண்டு, தான் ஹோண் அடித்ததாகவும் சைக்கிள்தான் நடுவுக்கு வந்ததாகவும் திரும்பத் திரும்பச் சொன்னார். யார் கேட்கிறார்கள். பஸ்ஸின் முன்கண்ணாடியில் அந்தோனியார் படம் ஒட்டியிருந்தது. கூட்டத்தில் ஒருவர் அதைக் காட்டி, "வேதக்காரன், பிள்ளையாரடி எண்டு மெதுவா வருவானே" என்றார். இன்னொருவர் அவருடைய கன்னத்தில் அடித்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ என் மடியில். நான் சொன்ன வசனத்தை இன்றைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வேன்:

"நான் கரையாலைதான் வந்தனான். பஸ்தான் பின்னாலை வந்து அடிச்சது."

ஏன் அப்படிச் சொன்னேன்? கும்பிடப் போய்ப் பிள்ளையை விழுத்தினாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோயிலடியிலேயே இப்படி நடந்தது என்றால் அவளில் ஏதோ குற்றம் இருக்கிறது என்றுதான் ஊர் கதைக்கும். அதைவிட, நான்தான் உன் கையை விடச் சொன்னேன் என்று எனக்கே கேட்கப் பயம். பொலிசிலும் அதையே சொன்னேன். உன் அப்பாவுக்குத் தொலைபேசியிலும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல அது நடந்த மாதிரியே ஆகிவிட்டது. மரியதாஸிடமிருந்து அவருடைய முதலாளி பஸ்ஸைப் பறித்துவிட்டார் என்று ஒரு கிழமைக்குள் கேள்விப்பட்டேன். அவர் செய்ததற்கு அது காணாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

நீ இரண்டு மாதம் பிளாஸ்டரோடு பள்ளிக்கூடம் போனாய். பஸ்காரன் அடித்த கை என்று எல்லாருக்கும் காட்டினாய். பெரியவனாகி ஒரு நல்ல பஸ்காரனாக வரவேண்டும் என்று நீ சொல்லத் தொடங்கியதுகூட அந்தக் கதையிலிருந்துதான். கேட்கிற ஒவ்வொரு தரமும் நான் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மரியதாஸ் அண்ணை இப்போது பட்டணத்தில் ஓட்டோ ஓடுகிறார். மருந்து எடுக்க மாதத்துக்கு ஒரு தரம் நான் அங்கே போவேன், கண்டால் எப்போதும் ஒரே கேள்விதான், உன் கை எப்படி இருக்கிறது என்று. குத்திக் காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சுகம் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். பிறகு ஒருநாள் கவனித்தேன், கேட்டுவிட்டு மனுசன் உண்மையாகவே பதிலுக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

என் சைக்கிள் விசர் உனக்குத் தெரியும். வெளிநாட்டு மலைப்பாதைப் போட்டிகளில் ஓடுகிறவர்களின் பெயர் எல்லாம் எனக்குப் பாடம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயர்தான் மாறிப்போகும். பேரிங் கழற்ற, சில்லு நேராக்க, பிரேக் இழுக்க எல்லாமே போனைப் பார்த்துப் பழகியவைதான். மூன்று வருசத்துக்கு முன் அப்படி ஒரு வீடியோ பார்த்தேன். கண் எந்தப் பக்கம் போகிறதோ சைக்கிளும் அந்தப் பக்கம் போகும், தோள் திரும்பும், ஹாண்டில் திரும்பும், ஓடுகிற ஆளுக்குத் தெரியவே தெரியாது என்று அதில் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வட்டுக்கோட்டைப் பக்கம் வாகனம் போகாத ஒரு தார் ஒழுங்கைக்குப் போனேன். சோக்கட்டியால் நேர்கோடு கீறினேன். வலப்பக்க மதிலில் ஒரு சிரட்டையை வைத்தேன். தடம் தெரியட்டும் என்று டயரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு கோட்டின் மேல் ஓடினேன். சிரட்டைக்கு நேரே வந்ததும் வலது கையை நெஞ்சில் வைத்து அதைப் பார்த்தேன். நேராகத்தான் போனேன், சத்தியமாக நேராகத்தான் போனேன் என்று நினைத்து இறங்கித் திரும்பிப் பார்த்தால், ஈரத்தடம் கோட்டை விட்டு வலப்பக்கம் ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. பத்துத் தரம் ஓடினேன். பத்துத் தரமும் வலப்பக்கம்தான். கண்ணை மூடி ஓடினபோது இரண்டு முழம்.

அந்த வீடியோவைப் பக்கத்தில் போட்டேன். பார்வையும் ஹாண்டிலும் என்று பெயர் வைத்தேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள், ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளுக்குக் காட்டியதாக எழுதியிருந்தார். அந்தச் சிரட்டையை ஏன் வலப்பக்கம் வைத்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சாட்டுச் சொல்ல இடமில்லை, ஆனாலும் மூன்று வருசம் வாய் திறக்காமல் இருந்தேன். நீ கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்தாய், பஸ் பழகப் போனாய், அப்போதும் திறக்கவில்லை. வியாழக்கிழமை அந்தத் தகரம் என் கையைத் தேய்த்த பிறகுதான் திறக்கிறேன். அதற்கு வெட்கப்படுகிறேன்.

சைக்கிள் சீற்றிலிருந்து பார்த்தால் பஸ் எப்படித் தெரியும் என்று யாரும் உனக்குப் பழக்கியிருக்க மாட்டார்கள், அதையும் எழுதிவிடுகிறேன். வயதான ஆளுக்குப் பின்னால் கிட்டப் போய் ஹோண் அடிக்காதே. அவர் பயந்து திரும்பிப் பார்ப்பார், பார்க்கிற பக்கம் சைக்கிள் வரும், அது உன் பக்கம். தூரத்தில் ஒரு தரம் அடி, காணும். மற்ற பஸ்ஸோடு ஓடிப்பிடித்து ஆட்களை ஏற்றுவதற்காக ஒரு சைக்கிளை முந்திவிட்டு உடனே அதற்கு முன்னால் வெட்டி நிறுத்துவார்கள், உனக்குத் தெரியும், நீயும் சிரித்திருக்கிறாய். எனக்கு அந்த நேரம் பிரேக் பிடிக்க இடமும் இல்லை, விலக இடமும் இல்லை, இடப்பக்கம் வெள்ளம் ஓடுகிற கான், வலப்பக்கம் உன் பின்சில்லு. அரை நிமிடம் பின்னால் வந்து நிறுத்து. நின்ற கார் ஒன்றைச் சைக்கிள் நெருங்கினால் அந்த ஆள் சைக்கிளை வலப்பக்கம் வெளியே எடுப்பார் என்று எதிர்பார், கதவு திறந்து ஒருமுறை பட்டவர்கள் எல்லாரும் எடுப்போம். தாரின் கரையில் மணல் கிடந்தாலும் எடுப்போம். நாங்கள் உனக்கு வழி மறிக்க வருவதில்லை, விழாமல் இருக்க வருகிறோம். பள்ளிக்கூடம் விட்டால் பெண்பிள்ளைகள் இரண்டு பேராகத்தான் வருவார்கள், அவர்களை நான் திருத்தப் பார்த்து முடியவில்லை, நீ ஏசியும் திருத்த மாட்டாய். பச்சைப் புல்லுக்கட்டோடு போகிற ஆளுக்குப் பின்பக்கம் ஒன்றுமே தெரியாது. வேட்டி கட்டின சில பெரியவர்கள் வலப்பக்கம் திரும்பும்போது ஒரு விரலை மட்டும் நீட்டுவார்கள், சிலர் அதையும் நீட்டமாட்டார்கள், திரும்புவது அவர்களுக்குத் தெரியும், அது போதும் என்று. இத்தனை பேரையும் தாண்டித்தான் நீ போகவேண்டும், ஒவ்வொரு ஆளும் யாரோ ஒருவருக்கு நான்.

நேற்றுச் சனிக்கிழமை பட்டணத்துக்குப் போனேன். மரியதாஸ் அண்ணை ஓட்டோவின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல உன் கையைக் கேட்க முதல் நான் சொல்லிவிட்டேன்:

"அண்ணை, அண்டைக்கு நான் கோயிலைப் பாத்துக் கும்பிட்டனான். சைக்கிள்தான் உங்கடை பக்கம் வந்தது. நான் பொய் சொன்னனான்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

கண்ணாடியைத் துடைத்து முடித்துத்தான் துணியை உதறிவிட்டுத் திரும்பினார். "உங்கடை கை நெஞ்சிலை இருந்ததைக் கண்டனான், தங்கச்சி. பெடியனும் ரெண்டு கையையும் விட்டவன். அதைக் கண்டுதான் பிரேக்கிலை ஏறி நிண்டனான். இல்லாட்டி இண்டைக்குப் பெடியன் இல்லை."

தம்பி, இந்த இடத்தைத் திரும்பவும் வாசி. அந்தச் சந்தியில் அன்றைக்கு வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான். அவரைத்தான் அடித்தார்கள். உன் தலைக்கும் சில்லுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாண் அவருடைய கால்.

இவ்வளவு காலமும் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டேன். கேட்டு என்ன வரப்போகிறது என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் அவருக்கு பஸ் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தாலும் அந்த வழியால் ஓடியிருக்க மாட்டாராம். அன்று அவருடைய மூத்த பெண்ணுக்கும் உன் வயதுதானாம். பெடியன் கையை நீட்டி மடக்குகிறானா என்று தெரிந்தால் காணும் என்றுதான் கேட்டு வந்தாராம். நான் அழுதேன். ஓட்டோத் தரிப்பிடத்தில் நின்ற மற்றவர்கள் பார்த்தார்கள். "அழாதேங்கோ, ஏதோ நான் கூட வாடகை கேட்ட மாதிரி எல்லாரும் பாக்கினம்" என்றார்.

நீ திங்கட்கிழமை தொடக்கம் பஸ் ஓடப்போகிறாய் என்று சொன்னேன். எந்த வழி என்று கேட்டார். சொன்னேன். வியாழக்கிழமை நடந்ததையும் சொல்லி, சட்டையை மடித்துக் கையைக் காட்டினேன். அவருடைய முகம் மாறிவிட்டது.

"சைக்கிளை முந்தேக்கை சில்லைப் பாக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஆளின்ரை தோளைப் பாக்கட்டும். சில்லு திரும்ப முதல் தோள் திரும்பும். தோள் அசைஞ்சால் கால் பிரேக்கிலை இருக்கோணும்."

இவ்வளவு காலம் பஸ் ஓட்டாத மனுசன் சொன்னது இது. நான் பார்த்த எந்த வீடியோவிலும் இதைக் கேட்டதில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "எனக்குச் சொல்லி என்ன, நான் அங்கை நிண்டனான்தானே" என்றார். "அண்டைக்கு நிண்ட சனத்துக்குச் சொல்லுங்கோ."

அவருடைய பெயரைப் போட்டு எழுதலாமா என்று கேட்டேன்.

"அண்டைக்குப் பேரைச் சொல்லித்தானே ஏசினவை. போடுங்கோ."

அதனால்தான் இதை உனக்கு மட்டும் எழுதாமல் பக்கத்தில் போடப்போகிறேன். எங்கள் ஊரவர், அந்தச் சந்திக் கடைக்காரர், அன்றைக்கு அவருடைய சட்டையைப் பிடித்தவர்கள்கூட அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். சில பேர் நான் போடுகிற பஞ்சர் வீடியோவுக்கு இதயம் போடுகிறவர்கள். எழுதத் தொடங்க முதல் உன் அப்பாவுக்குச் சொன்னேன். மனுசன் "முதல்லை பெடியனுக்குக் குடு, பிறகு ஊருக்குக் குடு" என்றார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி மட்டும் வாங்கிக் குடித்தார்.

நாளைக்கு உன் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் இதை வாசித்திருப்பார்கள். உன் முதல் நாள் அது. கொண்டக்டர் பகிடி விடுவான், யாராவது உன் கையை உற்றுப் பார்ப்பார்கள், ஒருவேளை முதலாளியே கூப்பிட்டுக் கேட்பார். வியாழக்கிழமை உரசினதை அவர் இதிலிருந்துதான் அறியப்போகிறார். பஸ்ஸை உன்னிடம் தராமல் விட்டாலும் விடுவார். அதையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். வேறு ஒரு நாளைப் பார்த்துப் போடலாமே என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு காலமும் சொன்னதும் அதே மனம்தான்.

பிள்ளையாரை விடச் சொல்லி நான் சொல்லவில்லை. நானும் விடவில்லை. சந்திக்கு முன்னால் இறங்கி, சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் ஆறுதலாகக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன். உனக்கு இறங்க முடியாது. பஸ்ஸை எடுக்க முதல் நின்ற இடத்தில் கும்பிடு. ஓடும்போது அவர் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ எங்களைப் பார்.

நான் குசினியில், அடுப்புக்கு முன்னால் இருக்கிறேன். வாசித்து முடித்ததும் என் போனைக் கொண்டுவந்து தா. ஏசுவதென்றால் ஏசு, கதைக்காமல் போவதென்றால் போ, நான் பின்னால் வந்து கேட்கமாட்டேன். கீழே பதிவிடு என்று ஒரு நீலப் பொத்தான் இருக்கும். என் மேல் இரக்கப்பட்டு இதை அழிக்காதே, கோபத்தில் அந்தப் பொத்தானை அழுத்தவும் வேண்டாம். அன்றைக்குச் சனத்துக்கு முன்னால் பொய் சொன்ன வாய் என்னுடையது. அதை நான்தான் அழுத்தவேண்டும்.

அம்மா